ரிமோட் விளையாட்டுப் பொருள் அல்ல

மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்கான விளையாட்டுப் பொருளில், வாய்க்குள் போகக்கூடிய சிறு பாகம் எதுவும் கழன்று வரக் கூடாது. பேட்டரியில் இயங்கும் பொம்மையாக இருந்தால், பேட்டரி இருக்கும் இடத்தின் மூடி திருப்புளி போன்ற கருவி இல்லாமல் திறக்கக் கூடாது. எந்த வயதுக் குழந்தைக்கு ஏற்றது என்பதைப் பெட்டியின் மேல் கண்ணுக்குத் தெரியும்படி அச்சிட வேண்டும்.

விதி இதுதான். வாசகங்கள் என்னுடையவை, சாரம் பொம்மைகளுக்கு அரசு வகுத்த தர விதியுடையது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. எழுதியவர் வீட்டில் தவழும் குழந்தை இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த விதி ஒரு வரி விடாமல் பின்பற்றப்பட்டது. அப்படியிருந்தும் ஒரு நாள் மதியம், டி.வி. மேசைக்கு அருகே தரையில் விரல் நீள ரிமோட் ஒன்று கிடந்தது. அதன் அடியில் செருகியிருக்க வேண்டிய பேட்டரித் தட்டு ஒரு முழம் தள்ளித் தனியாகக் கிடந்தது. தட்டில் பேட்டரி இல்லை.

பக்கத்தில் என் பேரன் இனியன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அழவில்லை. வாயோரம் எச்சில் கோடாக இறங்கி, சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. அவனுக்கு அப்போது ஒன்றரை வயது.

"மாமா, இவன் இவ்வளவு நேரம் சும்மா உக்காரவே மாட்டானுங்க" என்றாள் என் மருமகள் நிவேதா.

நான் ரிமோட்டைப் பார்த்தேன். தட்டைப் பார்த்தேன். பிறகு அவன் வாயைப் பார்த்தேன். இந்த மூன்றையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று தெரியாது.

கதவுக்குள் நுழையாத பீரோ

என் ஓய்வு விழாவில் கிடைத்த சுவர்க் கடிகாரங்களைப் பற்றிப் போன வாரம் இந்தப் பத்தியில் எழுதியதற்குப் பலர் தங்கள் வீட்டுக் கடிகாரங்களின் கதையைச் சொன்னார்கள். எல்லாம் ஒரே கதை. யார் வீட்டிலும் அவை ஓடவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி. அரசு அலுவலகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். குண்டூசி முதல் ஜெனரேட்டர் வரை, என்ன வாங்கினாலும் அது எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் எழுதுவோம். எழுதியபடி வந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம். எழுதாதது எதுவும் எங்கள் உலகத்தில் கிடையாது.

ஒரு முறை இரும்பு பீரோக்கள் வாங்கினோம். தகட்டின் கனம், பூட்டின் வகை, பெயின்ட்டின் நிறம் எல்லாம் எழுதியிருந்தோம். அத்தனையும் சரியாக இருந்தன. ஆனால் ஒரு பீரோ கூடப் பதிவறைக் கதவுக்குள் நுழையவில்லை. கதவின் அகலத்தை யாரும் எழுதவில்லை.

மேலதிகாரி வந்து பார்த்தார். "பொருள் சரியாத்தானே இருக்குது?" என்றார். சரியாகத்தான் இருந்தது. அதனால் பீரோக்கள் வராந்தாவிலேயே நின்றன. மழை பெய்தால் அவற்றுக்கு நாங்கள் தார்ப்பாய் போட்டோம்.

அந்தக் காலத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

பாயும் நானும்

இனியன் பிறந்ததும் அவனுக்கு விளையாட்டுப் பொருள் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். மகன் பெங்களூரில் வேலை. வார இறுதியில் வருகிறவன். நிவேதா வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு பேசும் நேரமெல்லாம் குழந்தையின் கவனத்தை வேறு எதிலாவது நிறுத்தி வைக்க வேண்டும். என் மனைவி சரசு சமையலறையில் இருப்பாள். மிச்சம் இருப்பது நான்.

டவுன்ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் பொம்மைக் கடை. கடைக்காரர் பாய், அவருடைய தந்தை காலத்துக் கடை. முதல் முறை போனபோது ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி, தர முத்திரை இருக்கிறதா, வயது போட்டிருக்கிறதா, தயாரித்தவர் முகவரி இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு பொம்மையை எடுத்துக் காதைத் திருகினேன், வாலை இழுத்தேன், கண்ணை நகத்தால் நெம்பினேன்.

பாய் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். "ஏனுங்க சார், பேரனுக்கு வாங்க வந்தீங்களா, இல்ல ரெய்டுக்கு வந்தீங்களா?" என்றார்.

"கண்ணு கழண்டா முழுங்கிருவானுங்க பாய்."

"கழட்டறது அவன் இல்லீங்களே, நீங்கதானுங்களே."

அப்படியும் சலிக்காமல் எடுத்துக் கொடுத்தார். வண்ண வளையங்களைக் கம்பில் கோக்கும் அடுக்கு, மரத்தில் செய்த நடைவண்டி, உள்ளே மணி போட்டுத் தைத்த துணிப் பந்து. எல்லாம் விதிப்படி சரியானவை.

இனியன் ஒவ்வொன்றையும் ஒரு முறை கடித்துப் பார்த்தான். வளையங்களைத் திசைக்கு ஒன்றாக எறிந்தான். நடைவண்டியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுற்றினான். பிறகு என் மூக்குக் கண்ணாடிக்கு வந்தான். அதிலிருந்து மீட்டால் சரசுவின் இடுக்கி. அதிலிருந்து மீட்டால் டி.வி. ரிமோட்.

குழந்தைக்கு நாம் கொடுப்பதில் ஈர்ப்பு இல்லை. நம் கையில் எது எப்போதும் இருக்கிறதோ அதில்தான். இதை அப்போதே கவனித்தேன், வேடிக்கையாக நினைத்தேன், மேலே யோசிக்கவில்லை.

சிவப்பு வண்டி

முதல் பிறந்தநாளுக்குக் குலதெய்வம் கோயிலில் மொட்டை. நிவேதாவின் ஒரே அண்ணன் லோகநாதன் சோமனூரில் விசைத்தறி வைத்திருக்கிறார். தாய்மாமன் சீர் அவரிடமிருந்து வர வேண்டும். வந்தது. பழத்தட்டு, துணித்தட்டு, வெள்ளிக் கொலுசு இவற்றுக்குப் பின்னால் ஒரு டாட்டா ஏஸ் வண்டி வந்தது. அதன் மேல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கார். குழந்தை ஏறி உட்கார்ந்து ஓட்டும் பேட்டரி கார். முகப்பு விளக்கு, ஹார்ன், பாட்டு எல்லாம் உண்டு. ரத்தச் சிவப்பு.

கோயில் வாசலில் பூசாரி கூட வெளியே வந்து பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீரைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. விலை கேட்கக் கூடாது. குறை சொல்லவே கூடாது. வாங்கி வைத்துவிட்டு, "எதுக்குங்க இவ்வளவு" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"எதுக்குங்க மாப்ள இவ்வளவு பெருசா?" என்றேன். வழக்கமாகச் சொல்லும் வார்த்தைதான். அன்று நிஜமாகவே கேட்டேன்.

"ஒரே மாமனுங்க மாமா. வேற ஆரு செய்வா? பையன் நடக்கறதுக்கு முந்தி ஓட்டட்டுமுங்க."

கார் வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் 'மூன்று வயதுக்கு மேல்' என்று இருந்ததை அதற்குள் பார்த்துவிட்டேன். "கொஞ்சம் வெவரம் வந்த பொறவு ஓட்டுனா இன்னும் நல்லா ஓட்டுவானுங்க" என்றேன்.

"கரெக்டுங்க மாமா. இப்பவே பழகிட்டா வெவரம் வந்த பொறவு இன்னும் நல்லா ஓட்டுவானுங்க."

கொங்கு நாட்டில் மறுப்புச் சொல்வதில் இதுதான் சிரமம். நாம் மறுத்தோம் என்பது எதிரில் நிற்பவருக்கு வந்து சேர்வதே இல்லை. இருவரும் ஒத்துப்போனதாக நினைத்துக்கொண்டு பந்திக்குப் போனோம்.

போட்டோவுக்காக இனியனை வண்டியில் உட்கார வைத்தார்கள். ஹார்ன் அடித்ததும் அலறினான். யாரோ அவன் கையில் வண்டியின் ரிமோட்டைக் கொடுத்தார்கள். குழந்தை ஓட்டும்போது பெரியவர் தூரத்தில் நின்று நிறுத்துவதற்கான ரிமோட் அது. பொத்தானை அமுக்கினால் நுனியில் சின்னதாக ஒரு நீல விளக்கு எரியும். அலறல் நின்றது. எல்லாப் போட்டோவிலும் அவன் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சம்பந்தி வீட்டார் விடைபெற்றுப் போன மறுநாள் முறையாகச் செயல்பட்டேன். சாவியை எடுத்தேன். வண்டியின் பேட்டரி வயரைக் கழற்றினேன். சார்ஜரைப் பரண் மேல் வைத்தேன். வண்டியைக் கார் நிறுத்தும் இடத்தில் மூலையில் தள்ளி, பழைய பவானி ஜமுக்காளத்தைப் போட்டு மூடினேன். மூன்று வயது முடியும் வரை எடுக்கக் கூடாது என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டினேன்.

ரிமோட் டி.வி. மேசை மேல் மற்ற ரிமோட்டுகளோடு சேர்ந்துகொண்டது. அதை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. விளையாட்டுப் பொருளுக்குத்தான் விதி. அது பெரியவர்களுக்கானது.

இரண்டு வட்டம்

மறுபடியும் அந்த மதியத்துக்கு வருகிறேன்.

சரசு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். அவன் வாயில் விரல் விட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. "ஏனுங்க, ஒரு வாழப்பழம் மசிச்சுக் குடுத்தா எறங்கிருமுங்க. உங்க மகன் நாலணா முழுங்குனப்ப அப்படித்தானுங்க குடுத்தேன்."

பழம் உரித்துக் கிண்ணத்தில் போட்டும் விட்டாள். நிவேதா அதற்குள் மருத்துவமனைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். மறுமுனையில் ஒரு நர்ஸின் குரல் நிதானமாகச் சொன்னது: "வாயில எதுவும் குடுக்காதீங்க. பழம், தண்ணி எதுவும் வேண்டாம். வாந்தி வர வைக்காதீங்க. நேரா அவசரப் பிரிவுக்கு வாங்க. பேட்டரி எங்கிருந்து கழண்டுச்சோ அந்தச் சாமானையும் கொண்டு வாங்க."

சரசு கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வைத்த இடத்திலேயே அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

அவிநாசி சாலையில் நான் வண்டி ஓட்டினேன். பின்னால் நிவேதா அவனை மடியில் வைத்திருந்தாள். "சாமி, அம்மாவைப் பாரு. இங்க பாரு தங்கம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பதிலுக்கு ஒரு சிணுங்கல் கூட வரவில்லை. சிக்னலில் நின்றபோது பக்கத்து பஸ்ஸில் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மாவுக்கு என் மகளாக இருக்கும் வயது. படத்தைத் திரையில் காட்டினார். சின்ன விலா எலும்புகளுக்கு நடுவில், தெள்ளத் தெளிவாக, வெள்ளையாக ஒரு வட்டம்.

"காசா இருந்தா ஒரே வட்டமாத் தெரியுமுங்க சார். இதுல ஓரத்துக்கு உள்ளார இன்னொரு வட்டம் தெரியுதுங்களா? பேட்டரிதான்."

"தீந்துபோன பேட்டரிங்க டாக்டர். அந்த விளக்கு எரியறதையே நிறுத்திப்போட்டுது" என்றேன். அதில் ஏதோ ஓர் ஆறுதல் இருப்பதாக நினைத்தேன்.

"விளக்கு எரியத்தான் பத்தாது. இதுக்குப் போதுமுங்க. உணவுக்குழாயில நிக்குது. நிக்கிற எடத்தைப் பொசுக்கிட்டே இருக்கும். இப்பவே எடுக்கணும்."

பணிக்காலம் முழுவதும் ஒரு காகிதத்தையும் படிக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று மருத்துவமனையின் சம்மதப் படிவத்தில் எங்கே விரலைக் காட்டினார்களோ அங்கே போட்டேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்று வரை தெரியாது.

மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு எடுத்தார்கள். ஒரு சின்ன டப்பாவில் போட்டு எங்களிடம் காட்டினார்கள். காசு மாதிரி பளபளவென்று இருந்திருக்க வேண்டிய பொருள். ஒரு பக்கம் கருகியிருந்தது. அவனுக்குள்ளும் அதே அளவுக்குப் புண் இருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார்.

இனியன் கண் விழித்ததும் அழுதான். குரல் கம்மி, பூனைக்குட்டி கத்துவது போல் இருந்தது. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாங்கள் யாரும் அவனைச் சமாதானப்படுத்த முயலவில்லை. அழட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

படியில் நின்றவர்

பெங்களூரிலிருந்து மகன் வந்து சேர்வதற்குள் லோகநாதன் சோமனூரிலிருந்து வந்துவிட்டார். சட்டையில் பஞ்சுத் தூசு ஒட்டியிருந்தது. வார்டுக்குள் வரவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொண்டு தங்கையைக் கூப்பிட்டார்.

"எதுல இருந்த பேட்டரி அம்மணி அது?"

நிவேதா வார்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு அம்மணி."

"கார் ரிமோட்ல இருந்ததுண்ணா."

அவர் தலையை ஆட்டினார். கைப்பிடிச் சுவரைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். நான் கிட்டே போய், "மாப்ள, உள்ள வாங்க, பையன் முழிச்சுட்டான்" என்றேன். "வாரேனுங்க மாமா" என்றார். நான் திரும்பி நடந்தேன். அவர் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. தங்கைக்குத் தினமும் போன் செய்வார். புண் ஆறுகிறதா, மூக்குக் குழாயில் பால் போவது எப்போது நிற்கும், வாயால் சாப்பிட்டானா, எல்லாம் கேட்பார். "ஊட்டுக்கு வாண்ணா" என்றால், தறி ஓடுது, ஆள் இல்லை, அடுத்த வாரம் என்பார்.

குழந்தை தேறினான். மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்றார்கள். குரலும் திரும்பியது. பேசக் கற்றபோது அவன் சொன்ன முதல் சில வார்த்தைகளில் 'மாமா' ஒன்று. போனைப் பார்த்துத்தான் சொல்வான்.

அந்த நாட்களில் நான் கையில் திருப்புளியோடு வீடு முழுக்கச் சுற்றினேன். சமையலறைத் தராசு, பூஜை அலமாரியில் காற்றுக்கு அணையாத மின்விளக்கு, காய்ச்சல் பார்க்கும் கருவி, கார் சாவி, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை. ஒவ்வொன்றுக்குள்ளும் அதே வட்டம். பூஜை விளக்கை மாலையில் ஏற்றுவதும் அணைப்பதும் இனியன்தான். சரசு பெருமையாக எல்லாரிடமும் சொல்வாள். அதன் அடியைத் திருப்பினேன். மூடி என் கையோடு வந்துவிட்டது.

வராந்தாவில் நின்ற பீரோக்கள் அப்போது நினைவுக்கு வந்தன. சிரிப்பு வரவில்லை.

ஒரு வரி போதும்

வண்டியைச் செய்த நிறுவனத்தின் முகவரி பெட்டியில் இருந்தது. வடக்கே ஒரு ஊர். பதிவுத் தபாலில் எழுதினேன். ரிமோட் அதே பெட்டியில் அடைத்து விற்கப்பட்டது; ஆகவே பொம்மைக்கான விதி அதற்கும் பொருந்த வேண்டும்; அதன் பேட்டரித் தட்டு நகம் பட்டாலே வெளியே வருகிறது; எக்ஸ்ரேயின் நகல் இணைப்பு. நஷ்ட ஈடு எதுவும் நான் கேட்கவில்லை. தவறு தயாரிப்பில்தான் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும் என்று முடித்தேன்.

அந்த ஒரு வரி எனக்காக அல்ல. அதைச் சோமனூருக்குக் கொண்டு போய் லோகநாதன் கையில் கொடுக்க வேண்டும். வாங்கித் தந்தவர் மேல் குற்றம் இல்லை என்று குற்றம் செய்தவனே எழுதிக் கொடுத்தால், மனிதர் நம்பித்தானே ஆக வேண்டும்?

பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பினேன். அதற்கும் ஒப்புகை வந்தது. மறுபடி அனுப்பினேன்.

சரசு கேட்டாள்: "ஏனுங்க, நீங்க நேர்ல போய் ஒரு வார்த்தை சொன்னா ஆகாதுங்களா? கடுதாசி வந்தாத்தான் வருவாரா அவரு?"

"ஆதாரம் வேணுமில்ல?"

"ஆருக்குங்க ஆதாரம்? அவருக்கா, உங்களுக்கா?"

நான் அடுத்த நினைவூட்டலுக்கான உறையில் முகவரி எழுதினேன்.

இதற்கிடையில் பொம்மை என்றாலே வீட்டில் எல்லாருக்கும் பயம் வந்துவிட்டது. பாய் கடைப் பக்கம் போகவே இல்லை. குழந்தைக்கு இரண்டேகால் வயது. இருந்தவையும் பரணேறிவிட்டதால் வீட்டில் விளையாட ஒன்றும் கிடையாது. கதவு கதவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தான்.

நிவேதா அவனைச் சோமனூரில் அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வரும்போது ஒரு கோணிப்பை நிறைய ஏதோ கொண்டு வந்தாள். கவிழ்த்தால், நூல் சுற்றி வரும் காலி கோன்கள். தறி வீட்டில் நூல் தீர்ந்ததும் மூலையில் வீசுகிற பிளாஸ்டிக் கூம்புகள். நீலம், மஞ்சள், வெள்ளை, தக்காளிச் சிவப்பு.

"அண்ணன் ஊட்டுல இதை வெச்சுட்டு இவன் எந்திரிக்கவே இல்லீங்க மாமா. சோத்துக்குக் கூப்பிட்டாக்கூட வரலீங்க. கழுவிக் காயவெச்சுத்தான் கொண்டாந்தேன்."

நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். தர முத்திரை இல்லை. வயது இல்லை. தயாரித்தவர் முகவரி இல்லை. விதிப்படி பார்த்தால் இது பொம்மையே அல்ல. ஆனால் முனை வாய்க்குள் போகாது. கழன்று வர ஒன்றும் இல்லை. திறப்பதற்கு மூடி இல்லை. விரிசல் விட்டவற்றை மட்டும் தனியே எடுத்துக் குப்பையில் போட்டேன்.

இனியன் ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகினான். அவன் உயரத்துக்கு ஒரு தூண் வந்தது. சாய்ந்தது. விழுந்த சத்தத்தைக் கேட்டுச் சிரித்தான். மறுபடி ஆரம்பித்தான். ஒன்றைக் காதில் வைத்துப் பேசினான், கண்ணில் வைத்து உள்ளே பார்த்தான், வாயில் வைத்து ஊதினான், தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். நிவேதாவின் மீட்டிங் முடிந்து கதவு திறந்தபோதும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வெற்றிலைத் தட்டு

மூன்று வயது முடிகிற நாளில் காதுகுத்து என்று முடிவாயிற்று. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்த மடிக்கு மாற்று ஏற்பாடு எதுவும் எங்கள் முறையில் இல்லை. தாய்மாமனை நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்பதும் முறை.

தட்டோடு சோமனூர் போனோம். நான், சரசு, நிவேதா, இனியன். தறிச் சத்தத்தில் பேசியது கேட்காது என்பதால் லோகநாதன் எங்களை வீட்டு முன்னறையில் உட்கார வைத்தார். எதிரே நாற்காலியில் அவர். இளைத்திருந்தார்.

தட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மாமா, அந்தக் கம்பெனிக்காரன் பதில் போட்டானுங்களா?"

"இன்னும் இல்லீங்க மாப்ள."

"என்னன்னு போடுவானுங்க? வாங்கிக் குடுத்தவன் மேல தப்புன்னுதானுங்களே போடுவான்."

"அப்படிப் போட முடியாதுங்க. விதி இருக்குது."

"விதி கெடக்குதுங்க மாமா. எங்கண்ணுல அந்த எக்ஸ்ரேதான் நிக்குது. நிவேதா போன்ல அனுப்பிச்சா. அழிக்கவும் மனசு வரல, பாக்கவும் முடியலீங்க." அவர் குரல் தாழ்ந்தது. "நல்ல காரியத்துல எம்மடி வேண்டாமுங்க. பெரியப்பா பையன் இருக்கறான். மொறைக்கு அவனும் மாமன்தான். அவனுக்கு வெத்தல வெய்ங்க."

நிவேதா எழுந்து உள்ளே போய்விட்டாள். நீட்டிய தட்டை என் மடியில் வைத்துக்கொண்டேன். தட்டு கனத்தது.

அறை மூலையில் ஒரு கோணிப்பை இருந்தது. முன்பு வந்தபோது இனியன் விளையாடியது போன்ற கோன்கள் மறுபடி சேர்ந்த பை. அந்த விளையாட்டை அவன் மறக்கவில்லை. ஒரு கோனை எடுத்து வந்து மாமன் முழங்கால் மேல் நிறுத்தினான். திரும்பப் போய் இன்னொன்றைக் கொண்டு வந்தான். அதை முதலாவதின் மேல் செருகினான். மூன்றாவதுக்குப் போனான். ஒவ்வொன்றுக்கும், "மாமா, ஆட்டாத" என்றான்.

லோகநாதன் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். அடுக்கு அவர் மோவாய்க்கு வந்தது. அதற்கு மேல் அவனுக்கு எட்டவில்லை. கையில் இருந்த கோனோடு, வேட்டியைப் பிடித்து இழுத்து, அவர் இன்னொரு தொடை மேல் ஏறினான். ஏறி நின்று, அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, கடைசிக் கோனை மேலே செருகினான். பிறகு இறங்காமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டான்.

"ஏனுங்க மாப்ள, எந்திரிச்சு வந்து தட்டை வாங்கறது" என்றாள் சரசு.

"எந்திரிச்சா உழுந்துருமுங்க அத்தை" என்றார் லோகநாதன். முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் அவர் கையை எடுக்கவில்லை.

நான்தான் எழுந்தேன். தட்டை அவர் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டு போனேன். ஒரு கையால் குழந்தையைப் பிடித்தபடி, மறு கையால் வெற்றிலையைத் தொட்டு எடுத்துக்கொண்டார். முறைப்படி இரண்டு கையாலும் வாங்க வேண்டும். அதை நான் சுட்டிக்காட்டவில்லை.

பெறப்பட்ட நாள்

காதுகுத்து கோயிலில் காலையில் நடந்தது. முதல் காதுக்கு இனியன் அழவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாது. இரண்டாவதுக்கு ஊரே கேட்கும்படி அழுதான். லோகநாதன் அவனைவிட அதிகமாக அழுதார் என்று பெண்கள் கேலி செய்தார்கள். இந்த முறை சீர்த்தட்டில் பழமும் துணியும் தங்கக் கடுக்கனும் மட்டும் இருந்தன. கூடவே ஒரு கோணிப்பை, புதிதாகச் சேர்ந்த கோன்களோடு.

வீட்டில் விருந்து. வண்டியை மூடியிருந்த ஜமுக்காளத்தை எடுத்து உறவினர்கள் உட்கார விரித்தாகிவிட்டது. சிவப்பு வண்டி மூலையில் வெளிச்சத்தில் நின்றது. விதிப்படி இனிமேல் ஓட்டலாம். இனியன் அதன் சீட்டில் வரிசையாகக் கோன்களை உட்கார வைத்தான். அதற்கு மேல் அந்த வண்டியிடம் அவனுக்கு வேலை எதுவும் இருக்கவில்லை.

கடைசிப் பந்தி முடிகிற நேரத்தில் தபால்காரர் வந்தார். அவரையும் உட்கார வைத்து இலை போட்டோம். அவர் கொண்டு வந்த உறையை நான் கூடத்தில் நின்றபடி பிரித்தேன். லோகநாதன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தான். காதோரம் மஞ்சள் காய்ந்திருந்தது.

"அவனுங்களா மாமா? படியுங்க" என்றார்.

படித்தேன். ரிமோட் விளையாட்டுப் பொருள் அல்ல. அது பெரியவர்கள் பயன்படுத்துவதற்கான துணைக் கருவி. வண்டியோ மூன்று வயது நிறைந்த குழந்தைகளுக்கானது. அந்த வயதை எட்டாத குழந்தைக்கு நேர்ந்த எதற்கும் நிறுவனம் பொறுப்பேற்க இயலாது. தங்கள் ஆதரவுக்கு நன்றி.

நான் திரும்ப ஒரு முறை மனதுக்குள் படித்தேன். எக்ஸ்ரே வந்து சேர்ந்ததாகக் கூட அதில் ஒரு சொல் இல்லை. இத்தனை வருடங்கள் நானும் இப்படிக் கடிதங்கள் எழுதிய கூட்டத்தில் இருந்தவன்தான்.

லோகநாதன் குழந்தையின் தலையை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டார். "அப்ப இன்னைலிருந்து பொறுப்பு எடுத்துக்குவானுங்களா மாமா?" என்றார்.

தபால்காரர் பாயசத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். சரசு சிரிக்க ஆரம்பித்தாள். நிவேதாவும். குழந்தை எழுந்துவிடும் என்று லோகநாதன் இருவரையும் கையால் அடக்கினார்.

வந்த காகிதத்தில் நாள் குறிக்காமல் நான் விடுவதில்லை. பேனாவை எடுத்துக் கடிதத்தின் ஓரத்தில் எழுதினேன். பெறப்பட்டது: இனியனுக்கு மூன்று வயது நிறைந்த நாள்.